இடைக்கால ஜீவனாம்சமும் மேல் கோர்ட்டும்: ஒரு பழைய குமாஸ்தாவின் குறிப்புகள்

ஜீவனாம்சம் என்ற சொல்லை எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடப் பிழையில்லாமல் சொல்வார்கள். ஜீவனத்துக்கு உரிய அம்சம், அதாவது உயிர் வாழ்வதற்கான பங்கு என்று பொருள். இப்போது சட்டத் தமிழில் பராமரிப்புத் தொகை என்று எழுதுகிறார்கள். எங்கள் புதுச்சேரியில் பழைய தலைமுறை இதையே பிரெஞ்சில் 'பான்சியோன் அலிமாந்தேர்' என்று சொல்லும். அலிமான் என்றால் உணவு. எந்த மொழியில் சொன்னாலும் அடுப்பில் உலை கொதிக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

அதற்கு முன்னால் 'இடைக்கால' என்ற சொல் ஏன் வந்தது? வழக்கு முடிய வருடங்கள் ஆகும். பசி அதுவரை காத்திருக்காது. எனவே யார் சொல்வது நியாயம் என்று தீர்மானிப்பதற்கு முன்பே, "வழக்கு முடியும்வரை மாதாமாதம் இவ்வளவு கொடு" என்று நீதிபதி போடும் உத்தரவு இது. கொடுக்க வேண்டியவர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "இதை எதிர்த்து மேலே போக முடியுமா?" என்பதுதான். இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. நான் வக்கீல் இல்லை. அரசாங்க அலுவலகத்தில் சம்பளப் பில் போட்ட குமாஸ்தா. ஆனால் இந்த உத்தரவுகள் கடைசியில் வந்து சேரும் மேசை என் மேசைதான். அதனால் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர் சங்கதி. பிரெஞ்சுக்காரர்கள் 1819ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதியிட்ட ஆணையில், இந்தியர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படியும் சமயச் சட்டப்படியும் நீதி வழங்கப்படும் என்று உறுதி கூறினார்கள். அந்த வழக்கம் எது என்று நீதிபதிகளுக்கு எடுத்துச் சொல்ல 1827இல் இந்தியச் சட்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தார்கள். பிறகு 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை வந்தது. அதன்படி, விரும்பியவர்கள் தங்கள் பழைய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். அப்படித் துறந்தவர்கள்தான் 'ரெனோன்சான்'கள். செருப்பு அணிந்து கோர்ட்டுக்குள் நுழைந்த வழக்கால் பெயர் பெற்ற வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை, லாப்போர்த் என்ற குடும்பப் பெயரை எடுத்துக்கொண்ட கதை நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆக ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் இருந்த இரண்டு குடும்பங்களுக்கு இரண்டு சட்டம். ஒரு வீட்டில் சாஸ்திரமும் சாதி வழக்கமும். எதிர் வீட்டில் நெப்போலியன் காலத்துக் 'கோத் சிவில்'. பிரெஞ்சு வழியில் படித்த எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகத்தின் பெயர் திருக்குறள் மாதிரி பழக்கம். அதில் 203ஆம் பிரிவு பெற்றோர் பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்கிறது. 205ஆம் பிரிவு, வறுமையில் இருக்கும் தாய் தந்தையருக்குப் பிள்ளைகள் சோறு போட வேண்டும் என்கிறது. 206ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், மாமனார் மாமியாருக்கும் அந்தக் கடமை உண்டு என்கிறது. எவ்வளவு கொடுப்பது? 208ஆம் பிரிவு அளவுகோலைத் தருகிறது: கேட்பவரின் தேவை, கொடுப்பவரின் வசதி, இரண்டையும் தராசில் வை. 209ஆம் பிரிவு, இருவரில் எவர் நிலைமை மாறினாலும் தொகையைக் குறைக்கவோ நிறுத்தவோ கேட்கலாம் என்கிறது. உலகத்தில் ஜீவனாம்சச் சட்டம் எழுதிய எல்லாரும் இந்த ஐந்து பிரிவுகளைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் திரும்ப எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

மேலே போவது பற்றிப் பிரெஞ்சு சட்டம் என்ன சொன்னது? 1806ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 135ஆம் பிரிவு ஒன்று உண்டு. பொதுவாக மேல்முறையீடு செய்தால் கீழ்க்கோர்ட் தீர்ப்பு நிறைவேறாமல் நிற்கும். ஆனால் சில இனங்களில், மேல்முறையீடு இருந்தாலும் உடனே நிறைவேற்று என்று நீதிபதி உத்தரவிடலாம். அவசரமான வீட்டுப் பழுது வேலை, சீல் வைப்பது போன்றவற்றோடு அந்தப் பட்டியலில் ஜீவனாம்சமும் இருக்கிறது. அதாவது, நீ மேலே போ, வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டுப் பணத்தைக் கொடுத்துக்கொண்டே போ. இந்த ஒரு வரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் கடைசியில் இதற்குத் திரும்ப வருவேன்.

பிரெஞ்சு வழியில் ஒரு கடுமையும் இருந்தது. ஜீவனாம்சத்துக்குப் பாக்கி சேராது என்பது அவர்களுடைய பழைய சட்டவாக்கு. கேட்காமல் இருந்த மாதங்களுக்குப் பிறகு வந்து கேட்டால், "அந்த மாதங்களில் நீ பிழைத்துத்தானே இருந்தாய், அப்போது தேவை இல்லை என்றுதானே பொருள்" என்பார்கள். தர்க்கம் சரிதான். கடன் வாங்கிப் பிழைத்தவளுக்கு அந்தத் தர்க்கம் எப்படிப் பட்டிருக்கும் என்பது வேறு.

இனி எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியா. அங்கே ஜீவனாம்சம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள் நுழைந்தது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், கதியற்றவர்கள் தெருவில் அலையும் நிலையைத் தடுப்பதே இதன் நோக்கம் என்று விளக்கினார். அதனால்தான் குடும்பச் சண்டைக்கு மாஜிஸ்ட்ரேட்டிடம் போகும் வழக்கம் நம் நாட்டில் வந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 488ஆம் பிரிவில் உச்சவரம்பு மாதம் 50 ரூபாய். 1923இல் அது 100 ஆனது, 1955இல் 500 ஆனது. 1973ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் 488 என்ற எண் 125 ஆயிற்று. தாய் தந்தையரும் கேட்கலாம் என்று சேர்த்தார்கள். ஆனால் 500 ரூபாய் மட்டும் அசையவில்லை. 1974இலிருந்து 2001வரை அரிசி விலை எங்கே போனது என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். சில மாநிலங்கள் மட்டும் தாங்களாக வரம்பை உயர்த்திக்கொண்டன.

புதுச்சேரி 1954 நவம்பர் 1இல் இந்தியாவோடு நடைமுறையில் சேர்ந்தது. சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16இல். அந்த ஆண்டின் நிர்வாகச் சட்டம் மதராஸ் உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தை நமக்கும் நீட்டியது. 1963ஆம் ஆண்டின் ரெகுலேஷன் இந்தியச் சட்டங்கள் பலவற்றை இங்கே கொண்டுவந்தது. இந்துத் திருமணச் சட்டமும் அதில் ஒன்று. ஆனால் அந்தச் சட்டம் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று தனியாக ஒரு வரி சேர்த்தார்கள். இன்றைக்கும் அந்த வரி இருக்கிறது. வெளியூர் வக்கீல்கள் இதைக் கேட்டு வியப்பார்கள். நமக்கு அது பழகிய சங்கதி.

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருவோம். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம் தெளிவாகவே இருக்கிறது. கணவனோ மனைவியோ, யாருக்கு வருமானம் போதவில்லையோ அவர் கேட்கலாம். வழக்குச் செலவும் கேட்கலாம். பலருக்குத் தெரியாது, கணவனும் கேட்கலாம். ஆனால் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில், 125ஆம் பிரிவில், 'இடைக்காலம்' என்ற சொல்லே முதலில் இல்லை. எனவே எதிர்த்தரப்பு வக்கீல்கள் எழுந்து, "இந்த அதிகாரம் எந்தப் பிரிவில் இருக்கிறது, காட்டுங்கள்" என்பார்கள். அதைக் காட்ட முடியாமல் பெண்கள் வாய்தாவுக்கு வாய்தா வெறுங்கையோடு திரும்பினார்கள்.

1985 இந்த விஷயத்தில் ஒரு முக்கியமான ஆண்டு. ஏப்ரல் 23இல் ஷா பானு வழக்கின் தீர்ப்பு வந்தது. அதன் அரசியல் எல்லாருக்கும் நினைவிருக்கும், தொகை யாருக்கும் நினைவிருக்காது. 1979இல் இந்தூர் மாஜிஸ்ட்ரேட் அந்த அம்மாவுக்குக் கொடுக்கச் சொன்னது மாதம் 25 ரூபாய். 1980இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. கணவர் வக்கீல், ஆண்டுக்குச் சுமார் 60,000 ரூபாய் சம்பாதிப்பவர் என்று மனுவில் சொல்லப்பட்டிருந்தது. அவர்தான் அந்த 179 ரூபாயை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனார். சட்டக் கேள்வி பெரியதாக இருக்கலாம். ஆனாலும் அந்த 20 காசை நான் மறக்கவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 9இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு சொன்னது. நீதிபதி இ.எஸ். வெங்கடராமையா எழுதியது. பத்திரிகைகள் அதிகம் பேசாத தீர்ப்பு. கேள்வி ஒன்றே ஒன்று: சட்டத்தில் எழுதியிருக்காவிட்டாலும் மாஜிஸ்ட்ரேட் இடைக்கால ஜீவனாம்சம் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்றது கோர்ட். ஒரு வேலையைச் செய்யும் அதிகாரத்தைச் சட்டம் கொடுத்தால், அந்த வேலை வீணாகாமல் இருக்கத் தேவையான அதிகாரத்தையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறது என்பது அதன் காரணம். சத்தியப் பிரமாணப் பத்திரம் ஒன்றை வைத்துக்கொண்டே உத்தரவு போடலாம் என்றும் சொன்னார்கள். பதினாறு வருடம் கழித்து, 2001 செப்டம்பர் 24 முதல் நாடாளுமன்றம் அதைச் சட்டத்திலேயே எழுதியது. இடைக்கால மனுவை, நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடியமட்டும் 60 நாட்களில் முடிக்க வேண்டும். 500 ரூபாய் வரம்பும் அன்றோடு போயிற்று.

சரி, உத்தரவு வந்துவிட்டது. இப்போது எதிர்ப்பது எப்படி? இங்கேதான் சாதாரண மனிதருக்குத் தலை சுற்றும். ஒரே 'இடைக்கால ஜீவனாம்சம்', ஆனால் எந்தச் சட்டத்தில் வாங்கினார்கள் என்பதைப் பொறுத்து மேலே போகும் வாசல் மாறும்.

இந்துத் திருமணச் சட்டத்தில் முதலில் எல்லா உத்தரவுகளுக்கும் மேல்முறையீடு உண்டா என்பதில் உயர் நீதிமன்றங்களே ஆளுக்கு ஒன்று சொல்லின. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: இறுதி ஜீவனாம்ச உத்தரவுக்கு மேல்முறையீடு உண்டு, 24ஆம் பிரிவின் இடைக்கால உத்தரவுக்கு இல்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு, இல்லாவிட்டால் அரசியலமைப்பின் 227ஆம் பிரிவின் கீழ் மேற்பார்வை மனு. அங்கே கோர்ட் தொகையை மறுபடி கணக்குப் போட்டுக்கொண்டிருக்காது. கீழே நடந்ததில் பெரிய தவறு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும்.

குற்றவியல் சட்டத்தில் வாசல் இன்னும் குறுகல். நடுவில் போடும் உத்தரவுகளுக்குச் சீராய்வு கிடையாது என்று 397ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நடுவில் போட்டதெல்லாம் அற்ப உத்தரவு ஆகிவிடுமா? 1977இல் மது லிமாயே வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய உரிமையை முக்கியமாகப் பாதிக்கும் உத்தரவுகள் இரண்டுக்கும் இடைப்பட்ட இனம் என்று சொன்னது. இடைக்கால ஜீவனாம்சம் எந்த இனத்தில் சேரும் என்பதில் ஒவ்வொரு உயர் நீதிமன்றமும் ஒவ்வொரு விதமாகச் சொல்லிவந்திருக்கிறது. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டமும் அதே பாதையில்தான்: தீர்ப்புக்கு மேல்முறையீடு உண்டு, இடைக்கால உத்தரவுக்கு இல்லை. இதற்கு நேர்மாறாக, 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மாஜிஸ்ட்ரேட் போடும் உத்தரவை எதிர்த்து 30 நாட்களுக்குள் செஷன்ஸ் கோர்ட்டுக்கு மேல்முறையீடே போகலாம்.

எதிர்த்தரப்பு வராமல் ஒருதலையாக உத்தரவு ஆகியிருந்தால், மேலே ஓட வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்குள் அதே மாஜிஸ்ட்ரேட்டிடம் தக்க காரணம் காட்டி அதை ரத்து செய்யக் கேட்கலாம். நிலைமை மாறியிருந்தால் தொகையை மாற்றவும் அங்கேயே கேட்கலாம். 209ஆம் பிரிவு என்று மேலே சொன்னேனே, அதன் உடன்பிறப்புதான் இது.

இப்படி வாசல் வாசலாகச் சொன்னால் விளங்காது. நான் பார்த்த இரண்டு மனிதர்களைச் சொல்கிறேன். பெயர்களும் துறையும் வேண்டாம்.

எண்பதுகளின் கடைசி. எங்கள் அலுவலகத்தில் ஓர் ஊழியர். அடிப்படைச் சம்பளம் 1,200 ரூபாய். மனைவியைப் பிடிக்கவில்லை என்று அவரே விவாகரத்து மனு போட்டார். அந்த அம்மா ஒரு குழந்தையோடு அம்மா வீட்டில். கோர்ட் இடைக்காலமாக மாதம் 350 ரூபாய் கொடுக்கச் சொன்னது. இவருக்கு ரோஷம். "ஒரு பைசா கொடுக்க மாட்டேன் சார்" என்று மதராஸ் போய்ச் சீராய்வு மனு போட்டார். பாக்கியில் பாதியை நான்கு வாரத்தில் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு தடை கிடைத்தது. தடை கிடைத்ததைத்தான் எல்லாரிடமும் சொன்னார். நிபந்தனையைச் சொல்லவில்லை, பணமும் கட்டவில்லை. நான்கு வாரத்தில் தடை தானாகக் காலாவதியானது.

பிறகு சம்பள ஜப்தி உத்தரவு என் மேசைக்கு வந்தது. பாக்கி 14 மாதம், 4,900 ரூபாய். அவர் வந்து, "அண்ணே, ஒரு மாசம் இதைப் பாக்காத மாதிரி இருந்துடுங்களேன்" என்றார். அது நடக்காது. ஜப்தி உத்தரவு வந்த பிறகு அதை மீறிச் சம்பளம் கொடுத்தால், கொடுத்த தொகைக்கு அரசாங்கமே பொறுப்பு என்று சிவில் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அரசாங்கம் பிறகு யாரைக் கேட்கும் என்று ஒவ்வொரு பில் குமாஸ்தாவுக்கும் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். 60ஆம் பிரிவுப்படி சாதாரணக் கடனுக்கு அன்றைக்கு முதல் 400 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. 1,200 சம்பளத்தில் கடன்காரனுக்குப் பிடிக்கக்கூடியது 267 ரூபாய்தான். ஜீவனாம்சத்துக்கு அப்படி இல்லை. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பாதுகாப்பு. 400 போக 800 வரை பிடிக்கலாம். கடன்காரன் வேறு, மனைவி மக்கள் வேறு என்று அந்தச் சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. நடப்பு மாதம் 350, பாக்கிக்கு 350, ஆக 700 ரூபாய் பிடித்தேன். பதினான்கு மாதம் பிடித்தேன்.

சம்பள நாளில் அந்த அம்மா வராந்தாவில் வந்து நிற்பார். பணம் கோர்ட்டுக்குத்தான் போகும், இங்கே கிடைக்காது என்று சொல்லியும் வருவார். "ஐயா, இந்த மாசம் அனுப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்பார். "அனுப்பியாச்சும்மா, செக் நம்பர் இது" என்று எழுதிக் கொடுப்பேன். அந்தத் துண்டுச் சீட்டைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு போவார்.

சீராய்வு மனு இரண்டு வருடம் கழித்துத் தள்ளுபடி ஆனது. அதைவிடப் பெரிய நஷ்டம், அவர் போட்ட விவாகரத்து மனுவே நகராமல் கிடந்தது. இடைக்காலப் பணத்தைக் கட்டாதவரின் மனுவை எந்த நீதிபதியும் ஆர்வத்தோடு விசாரிக்க மாட்டார். ஒரு நாள் அவரே என் எதிரில் உட்கார்ந்து வக்கீல் ஃபீஸ், பஸ் செலவு, மதராஸில் தங்கிய செலவு எல்லாவற்றையும் கூட்டினார். பதினொரு மாத ஜீவனாம்சத்துக்குச் சமமாக வந்தது. பென்சிலை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

இரண்டாவது மனிதர் எனக்குத் தூரத்து உறவு. இது நான் ஓய்வு பெறும் காலத்தில். அவருக்கு மாதம் 8,000 ரூபாய் இடைக்கால உத்தரவு. மனைவிக்கு 5,000, மகளுக்கு 3,000. மனைவி வருமானம் இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்திருந்தார். உண்மையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. இவருக்கும் கோபம் வந்தது. நியாயமான கோபம். ஆனால் வக்கீல் நல்லவர். "முதலில் இரண்டு மாதம் முழுசாகக் கட்டுங்கள், பிறகு பேசலாம்" என்றார். கட்டினார். பிறகு உயர் நீதிமன்றத்துக்குப் போகாமல், அதே கோர்ட்டில் உத்தரவை மாற்றக் கோரி மனு. பள்ளியிலிருந்து சம்பளப் பதிவேட்டை வரவழைக்கச் சொல்லி இன்னொரு மனு. பதிவேடு வந்தது. மனைவியின் பங்கு 5,000இலிருந்து 1,500 ஆகக் குறைந்தது. மகளின் 3,000 அப்படியே நின்றது. அதைக் குறைக்க அவரும் கேட்கவில்லை.

இரண்டு பேரும் எதிர்த்தவர்கள்தான். ஒருவர் கொடுக்கக் கூடாது என்பதற்காக எதிர்த்தார். மற்றவர் சரியான தொகையைக் கொடுக்க வேண்டும் என்பதற்காக எதிர்த்தார். மேல் கோர்ட்டில் இருப்பவர்களும் மனுவைப் படித்தவுடன் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது மனிதருடைய கஷ்டத்துக்கு நாடு முழுவதற்குமான ஒரு மருந்து 2020 நவம்பர் 4இல் வந்தது. நாக்பூர் குடும்ப நீதிமன்றத்தில் ஒரு தாய் 2013 செப்டம்பரில் தனக்கும் கைக்குழந்தைக்கும் இடைக்கால ஜீவனாம்சம் கேட்டிருந்தார். உத்தரவு வந்தது 2015 ஆகஸ்டில். தாய்க்கு 15,000 ரூபாய். குழந்தைக்கு முதலில் 5,000, பிறகு 10,000. கணவர் எதிர்த்து பம்பாய் உயர் நீதிமன்றம் போனார், 2018இல் தள்ளுபடி. உச்ச நீதிமன்றம் போனார். இடைக்காலம் என்று பெயர் வைத்த ஒரு உத்தரவுக்கு ஏழு வருடம். இதைப் பார்த்துத்தான் நீதிபதிகள் இந்து மல்ஹோத்ராவும் சுபாஷ் ரெட்டியும் எல்லாக் கோர்ட்டுகளுக்குமாக விதிமுறை வகுத்தார்கள். இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கொடுக்க வேண்டும். ஒரு சட்டத்தில் வாங்கிக்கொண்டே இன்னொரு சட்டத்தில் கேட்டால் முதலில் வாங்கியதைச் சொல்ல வேண்டும், அது கழிக்கப்படும். 'பாக்கி சேராது' என்ற பிரெஞ்சுச் சட்டவாக்குக்கு நேர் எதிரான நிலை இது. கோர்ட்டின் தாமதத்துக்குப் பசித்தவர் விலை கொடுக்கக் கூடாது என்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

2024 ஜூலை 1 முதல் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. 125 என்ற எண் 144 ஆகிவிட்டது. உள்ளடக்கம் பெரும்பாலும் அதேதான். நம் வயதுக்காரர்களுக்கு ஒரு நன்மை: ஜீவனாம்சம் கேட்கும் தாய் தந்தையர் தாங்கள் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். மகன் இருக்கும் ஊருக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

நம் வயதுக்காரர்கள் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1987இல் உச்ச நீதிமன்றம், திருமணமான மகளுக்கும் பெற்றோரைக் காப்பாற்றும் கடமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2007இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. கோட்ட அளவிலான அதிகாரி தலைமையில் தீர்ப்பாயம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. நோட்டீஸ் சேர்ந்து 90 நாளில் முடிக்க வேண்டும். இடைக்காலத் தொகையும் உண்டு. உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். மேல்முறையீட்டைப் பற்றிய 16ஆம் பிரிவில், 60 நாட்களுக்குள் மூத்த குடிமகனோ பெற்றோரோ மேல்முறையீடு செய்யலாம் என்றுதான் எழுதியிருக்கிறது. பிள்ளைகள் செய்யலாமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை.

ஆனால் அந்தப் பிரிவின் அடியில் ஒரு வரி இருக்கிறது. மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தாலும், கொடுக்க வேண்டிய பிள்ளை தொகையைத் தொடர்ந்து கொடுத்து வர வேண்டும். முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 1806ஆம் ஆண்டின் 135ஆம் பிரிவு இருநூறு வருடம் கழித்து, டில்லி வழியாக, மறுபடி எங்கள் ஊருக்கு வந்துவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகும் கோர்ட் காகிதத்தை எடுத்துக்கொண்டு யாராவது என்னிடம் வருவதுண்டு. சட்ட ஆலோசனைக்கு வக்கீலிடம் போங்கள் என்பேன். அதற்கு முன் மூன்று கேள்வி கேட்பேன். எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் இந்த உத்தரவு? உத்தரவு நகல் கைக்கு வந்த தேதி என்ன? இன்றுவரை எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள்? முதல் இரண்டுக்குப் பதில் தெரியாதவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, வக்கீல் பார்த்துக்கொள்வார். மூன்றாவது கேள்விக்குத் தலை குனிபவர்களிடம் மட்டும், முதலில் பாங்குக்குப் போய் ஒரு மாதத் தொகையையாவது கட்டிவிட்டு, ரசீதோடு வக்கீல் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.